வளைவில் சவரி வந்த பக்கம்

பாஸ்கல்,

உன் லெட்டர் வந்து பன்னெண்டு நாள் ஆச்சு. வந்த மறுநாளே பதில் போடுற மனுஷன் இந்தத் தடவை ஏன் சும்மா இருக்காருன்னு யோசிச்சிருப்ப. அம்மா நல்லா இருக்கா, நானும் நல்லா இருக்கேன். பத்திரிகை அடிச்சு வந்தாச்சு, பந்தல்காரருக்குச் சொல்லியாச்சு. நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. கல்யாணம் முடிஞ்சு ரீத்தாவைக் கூட்டிக்கிட்டு வால்பாறைக்குப் போனதும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கணும், எஸ்டேட்ல எல்லாரும் முந்நூத்தம்பது சிசி வண்டிதான் வாங்கச் சொல்றாங்க, மலை ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு போறதுக்கு எதுப்பா சுகம், பெரிய வண்டியா சின்ன வண்டியான்னு கேட்டிருந்த. ரெண்டு வரியில முடியுற பதில். நாலு தடவை எழுதி நாலு தடவை கிழிச்சுட்டேன். கிழிச்சதுக்குக் காரணம் உன் கேள்வி இல்லை. அதுக்குக் கீழே வேடிக்கையா ஒரு வரி எழுதியிருந்த பாரு, "எந்த வண்டி வாங்கினாலும் சித்தப்பா கையில மட்டும் கொடுக்க மாட்டேன், வலப்பக்கமா ஓட்டிட்டுப் போய்ப் பள்ளத்துல விட்டுடுவாரு"ன்னு. அந்த வரிதான் காரணம்.

அதுக்கு வர்றேன். அப்பா தள்ளிப்போடுறாருன்னு நினைக்காதே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம அதைச் சொன்னா உனக்குப் பாதிதான் விளங்கும். பதில் இதுதான்: சின்ன வண்டி வாங்கு. இப்போ வர்ற நூறு சிசி வண்டி போதும், தாராளம். எஸ்டேட்டுக்காரங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

நம்ம காரைக்கால்ல மலையைப் படத்துலதான் பாக்கணும், ஆனா வளைவுக்குப் பஞ்சமே கிடையாது. ஆத்தங்கரை ரோடு ஆறு போற போக்குக்கெல்லாம் போகும். வாய்க்கால் கரை ரோடு யார் வயல் எங்கே முடியுதோ அங்கேயெல்லாம் திரும்பும். பாசன ஆபீஸ்ல ஒர்க் இன்ஸ்பெக்டரா மதகு மதகாச் சுத்துறதுதானே என் பொழைப்பு. முதல்ல சைக்கிள்ல சுத்தினேன். நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது அந்த அறுபது சிசி வண்டியைப் பழசா வாங்கினேன். மூணு கியர், கையகல டேங்க், தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம். என் தங்கச்சி மேரி, அதான் உன் அத்தை, வாசல்ல நின்னு பாத்துட்டு, "ஏண்ணே, வண்டி வாங்கப் போறேன்னுட்டு வண்டி போட்ட குட்டியை வாங்கியாந்திருக்கீங்களே"ன்னா. அந்தக் குட்டியில ஏறி உக்காந்தா எனக்குப் பத்து வயசு குறைஞ்சுபோகும். வளைவு வருதா, மூணுலேர்ந்து ரெண்டுக்குத் தட்டு, முழங்காலை டேங்கோட ஒட்டு, தோளை லேசாச் சாய். அவ்வளவுதான், வண்டி திரும்பிடும். கணக்குத் தப்பிப்போச்சா, பாதி வளைவுல திருத்திக்கலாம். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்துச்சா, காலை ஊனி நின்னுக்கலாம். ஆக்சிலேட்டரைக் கடைசிவரைக்கும் முறுக்கி வச்சுக்கிட்டுப் போனாலும் முள்ளு அம்பதைத் தாண்டாது. ஆனா முழுசா முறுக்கினேன்னு ஒரு சந்தோஷம் இருக்கு பாரு, அதைப் பெரிய வண்டிக்காரன் வளைவு ரோட்டுல ஒருநாளும் அனுபவிக்க முடியாது. அவன் பாதி முறுக்குவான், மீதிப் பாதி அவன் கையிலேயே நமநமன்னு ஊறிக்கிட்டு இருக்கும்.

சின்ன வண்டியில பின்னாடி ஆள் உக்காந்தா வேற கதை, அதையும் சொல்லிடுறேன், ரீத்தாவுக்கும் படிச்சுக்காட்டு. உங்கம்மாவைப் பின்னாடி வச்சுக்கிட்டு பட்டினச்சேரிக்கு மீன் வாங்கப் போவேன். நான் இடப்பக்கம் சாய்ஞ்சா அவ வலப்பக்கம் சாய்வா, நான் வலப்பக்கம் சாய்ஞ்சா அவ இடப்பக்கம். "விழுந்துடுவோம்னு பயந்து நிமித்தி வைக்கிறேன்"னுவா. ஒருநாள் மீன் கூடையோட ரெண்டு பேரும் தாழம்புதர்ல கிடந்தோம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை, கத்தினேன். அவ முள்ளை எடுத்துக்கிட்டே, "எந்தப் பக்கம் சாயப் போறீங்கன்னு வாயைத் தொறந்து சொன்னா நானும் சாய மாட்டேனா"ன்னா. அதுக்கப்புறம் வளைவுக்கு முன்னால சொல்ல ஆரம்பிச்சேன், ஒரு மாசத்துல பழகிட்டா. நீ முதல் நாள்லேர்ந்தே சொல்லிடு.

இப்போ பெரிய வண்டி. அது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சுன்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன், காரணம் இருக்கு. உன் தாத்தா பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். பிரெஞ்சுக்காரங்க போனப்புறம் எந்தத் தேசத்துப் பிரஜையா இருக்கப் போறீங்கன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னப்போ அவர் பிரான்சுன்னு கையெழுத்துப் போட்டார். சின்னப் பையனா இருந்த என் தம்பி சவரி, அதான் உன் சித்தப்பா, அவரோட அதுல சேந்துக்கிட்டான். நான் அப்போவே இங்கே உத்தியோகத்துல இருந்தேன், "எனக்கு இந்தியாவே போதும்"னு பெருமையாச் சொல்லிட்டேன். அப்புறம் சவரி பட்டாளத்துல சேந்து பிரான்சுக்குப் போனான், லாரி ஓட்டுற வேலை கிடைச்சுச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை லீவுல வருவான். வரும்போது அவன் போட்டுக்கிட்டு வர்ற பூட்ஸையும் அவன் பேசுற தோரணையையும் ஊரே பாக்கும். நானும் பாப்பேன். எனக்கு வயிறு எரியும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்கம்மாகிட்டகூட. என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவன், நான் தூக்கி வளத்தவன், அவன்மேல எனக்குப் பொறாமை. நான் வேண்டாம்னு விட்டதை அவன் அனுபவிக்கிறான்னு பொறாமை.

அப்படி ஒரு லீவுலதான் அந்த முந்நூத்தம்பது சிசி வண்டியைப் புதுசா வாங்கினான். "நான் இருக்கப்போறது ரெண்டு மாசம், மீதி நாளெல்லாம் நீங்க ஓட்டுங்கண்ணே"ன்னு சாவியை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டான். பெரிய வண்டியோட சுகத்தை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். நாகூர் ரோட்டுல நேரா விட்டா நெஞ்சுக்குள்ள ஒரு அதிர்வு இறங்கும். கடைத்தெருவுல நுழைஞ்சா சாமான் வாங்குறவங்க எல்லாம் திரும்புவாங்க. ஆபீஸ்ல பியூன் எழுந்து நிப்பான். ஆனா ஆத்தங்கரைக்கு வந்தா அது வேற வண்டி. வளைவுக்கு முப்பது கெஜத்துக்கு முன்னாலேயே எவ்வளவு வேகம், எந்த இடத்துல சாயணும்னு முடிவு பண்ணிடணும். நடுவுல மனசு மாறினா அது கேக்காது. முடிவு சரியா இருந்தா, ஒத்துக்கிறேன், சின்ன வண்டியில பத்து வளைவு போன திருப்தி அந்த ஒரே வளைவுல கிடைக்கும். ஆனா எத்தனை தடவை சரியா இருக்கும்? மீதித் தடவையெல்லாம் நான் அந்த வண்டியை ஓட்டலை, பயத்தை மறைச்சுக்கிட்டு அதுமேல உக்காந்திருந்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி, நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதின வருஷம், சவரி மறுபடி லீவுல வந்திருந்தான். ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். இதே பேச்சுதான், பெரிசா சின்னதா. "நேர் ரோட்டுக்குப் பெரிய வண்டிண்ணே. வளைவுக்கு உங்க குட்டிதான். அங்கே மலையிலயும் நான் சின்ன வண்டிதான் எடுப்பேன்"னான். நான் விடலை. "நீ வாங்கிக் கொடுத்த வண்டியை நீயே மட்டமாப் பேசாதே. எனக்கு அந்தக் கரையில ஒவ்வொரு வளைவும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்"னேன். மேரி ஏத்திவிட்டா: "பேசிக்கிட்டே இருக்காம ஓட்டித்தான் பாருங்களேன்." உங்கம்மா மட்டும், "உங்களுக்கெல்லாம் வயசு திரும்புதா"ன்னு திட்டினா. ஆளுக்கொரு வண்டி, பெரிய மதகுலேர்ந்து கிளம்பி, பாலத்தைத் தொட்டுட்டுத் திரும்பணும், யார் முதல்ல வர்றாங்களோ அவங்க சொன்னது சரி. ஒன்பது வளைவு. என்னோட குட்டியில அவன், அவனோட பெரிய வண்டியில நான்.

முதல் நேர்ப் பாதையில நான்தான் முன்னால போனேன். ரெண்டாவது வளைவுல அவன் என் பக்கத்துல வந்தான், மூணாவதுல தாண்டிட்டான். தாண்டும்போது குழந்தை மாதிரி சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டினான். அப்புறம் அவனைக் காணோம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. ஏழாவது வளைவு வலப்பக்கம் திரும்பும், உள்பக்கம் பூரா மூங்கில் கொத்து, அந்தப்பக்கம் என்ன வருதுன்னு தெரியாது. இடப்பக்கமாவே போனா வேகத்தைக் குறைக்கணும். வலப்பக்கம் ஏறி உள்ளே வெட்டினா குறைக்க வேண்டாம். அந்த நேரத்துல எதிர்ல யாரும் வர மாட்டாங்க, சவரியும் அதுக்குள்ள திரும்பியிருக்க மாட்டான், என் ரோடுதானேன்னு வெட்டினேன். தெரிஞ்சே வெட்டினேன் பாஸ்கல். வண்டி இழுத்துக்கிட்டுப் போகலை, நான்தான் கொண்டுபோனேன். பாலத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்த சவரி, ஒழுங்கா அவன் இடப்பக்கத்துல, மூங்கிலை ஒட்டி எதிர்ல வந்தான். அவன் போகவேண்டிய இடத்துல நான் இருக்கேன். என்னைப் பாத்ததும் எனக்கு வழிவிட அவன் வலப்பக்கம் ஒடிச்சான். அதே நொடியில நானும் என் பக்கத்துக்குத் திருப்பினேன். ஹாண்டில்பார் மாட்டிக்கிச்சு. ரெண்டு வண்டியும் போய் விழுந்தது ஆத்துப் பக்கம், அதாவது என் பக்கம். பெரிய வண்டி என் கால்மேல கிடந்துச்சு. அவனுக்கு முழங்கையில சிராய்ப்பு.

முதல்ல வந்து சேந்தவர் கடைத்தெருவுல ஜவுளிக்கடை வச்சிருந்த மரைக்காயர், கார்ல வந்தவர் இறங்கி ஓடிவந்தார். நல்ல மனுஷன். ரெண்டு வண்டியும் எந்தப் பக்கம் கிடக்குதுன்னு பாத்தார். பிரான்சுலேர்ந்து லீவுல வர்றவங்களுக்கு முதல் கொஞ்ச நாள் கை தானா வலப்பக்கம் போகும், அங்கே அப்படித்தானே ஓட்டுறாங்க, அது நம்ம ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "யா அல்லா, பிரான்சுத் தம்பி பழக்கதோஷத்துல வலப்பக்கம் வந்துட்டாஹ போலிருக்கே, இன்ஸ்பெக்டரே?"ன்னு கேட்டார். நான் "ம்"னேன்.

அவ்வளவுதான். அதுக்குமேல ஒரு வார்த்தை பொய் சொல்லலை. ஆஸ்பத்திரியில கேட்டவங்களுக்கு மரைக்காயர் சொன்னார், வீட்டுல கேட்டவங்களுக்கு மேரி சொன்னா, ஆபீஸ்ல கேட்டவங்களுக்கு ஊரே சொல்லிடுச்சு. வலி அடங்கினதும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். கட்டுப் பிரிச்சதும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்னு சொன்ன ரோட்டுல வலப்பக்கம் போய் மோதினேன்னு எந்த வாயால சொல்றது? அதைவிடப் பெரிய விஷயம், சவரியே நம்பிட்டான். அவனுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் கடைசி நொடியில வலப்பக்கம் திருப்பினது மட்டும்தான். "நான்தாண்ணே வலப்பக்கம் வந்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னு என் கட்டில்கிட்ட உக்காந்து அழுதான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்து, "விடுடா"ன்னேன். மன்னிச்சுவிட்டேனாம் நான்! அதை நினைச்சா இப்பவும் என் கையை நானே வெட்டிக்கலாம்போல இருக்கு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நீ கண்ணால பாத்தது. என் கால் நொண்டியாச்சு. சவரி திரும்பிப் போனதும் எனக்கு ஓட்டுற வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு ஸ்டோர் வேலைக்கு மாத்திக்கிட்டான். ஸ்டீரிங்கைப் பிடிச்சா உலகத்தையே மறந்துடுற பையன், அதுக்கப்புறம் எந்த வண்டியையும் தொடலை. ஒவ்வொரு லீவுலயும் காலையில வந்து என் காலுக்குத் தைலம் தேச்சுவிடுவான், நான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஓய்வு வாங்கிட்டு உன் சித்தியோட கோவில்பத்துல வந்து குடியேறினப்புறமும் நடந்துதான் ஊருக்குள்ள வர்றான். ஊர் அவனுக்கு 'வலப்பக்கம் சவரி'ன்னு பேரே வச்சிடுச்சு. டீக்கடையில அவன் உள்ளே நுழைஞ்சா, "இடப்பக்கமா வாங்க சார்"ம்பாங்க. அவனும் சேந்து சிரிப்பான்.

உன் லெட்டர் வந்த அன்னைக்குச் சாயந்திரம் அவன் இங்கேதான் இருந்தான். நான் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிச்சுக்கிட்டே போறேன், அந்த வரி வந்துடுச்சு, நிறுத்த முடியலை. அவன் சிரிச்சான். "சரியாத்தான் சொல்றான் பையன், எங்கிட்ட கொடுக்காம இருக்கிறதுதான் நல்லது"ன்னு சொல்லிச் சிரிச்சான். அவனுக்குப் பிள்ளை இல்லை, நீதான் பிள்ளை. உன் வாயிலேர்ந்தும் அது வந்ததை வாங்கி வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான் பாரு, என்னால தாங்க முடியலை. அங்கேயே, உங்கம்மா எதிர்லேயே சொல்லிட்டேன். அவன், "அப்போ நான் எந்தப் பக்கம் வந்தேன்?"ன்னான். "உன் பக்கம்தாண்டா." "இடப்பக்கமா?" "ஆமா." "மூங்கிலை ஒட்டியா?" "ஆமா." அதையே மூணு தடவை கேட்டான். எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். உங்கம்மா என்னைத் திட்டலை, அழலை. "ஒன்பது வருஷம் அவன் கையில தைலம் வாங்கியிருக்கீங்களே"ன்னு மட்டும் சொன்னா. அன்னையிலேர்ந்து தேவைக்குத்தான் பேசுறா.

ஆறு நாள் கழிச்சு வந்தான். வாசப்படி ஏறலை, கேட்டுக்கு வெளியிலேயே நின்னான். நான் மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திட்டான். "எங்கிட்ட சொன்னது போதாது. ஊர் முன்னால 'ம்' சொன்னீங்க, ஊர் முன்னால இல்லைன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன். பாஸ்கல் கல்யாணமா இருந்தாலும் சரி"ன்னான். அண்ணேன்னு கூப்பிடலை. உன் கல்யாணத்துல கோயில்ல சாட்சிக் கையெழுத்து அவன் போடணும்னு நீ ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். நீ பொறந்தப்போவே பேசிவச்சது அது. இப்போ அவன் வருவானா மாட்டானாங்கிறது என் வாயிலதான் இருக்கு.

அதனால உங்கிட்ட ஒண்ணு கேக்குறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் பந்தல்ல எல்லாரும் இருப்பாங்க. மேரி இருப்பா, ஆபீஸ்காரங்க இருப்பாங்க, மரைக்காயரைக் கட்டாயம் வரச்சொல்லியிருக்கேன், டீக்கடைக்காரருக்கும் பத்திரிகை வச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு உக்கார்றதுக்கு முன்னால இந்த லெட்டரை நீ படி. நானே சொல்லலாம்னுதான் பாத்தேன், கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லியும் பாத்தேன், பாதியிலேயே அழுதுடுறேன். பந்தல்ல நான் உடைஞ்சு அழுதா சனம் என்ன பண்ணும்? பாவம் நொண்டிக் காலோட மனுஷன் எவ்வளவு நாள் மனசுல வச்சிருந்தாரோன்னு என்மேல இரக்கப்படும். அந்த இரக்கத்தை ஒன்பது வருஷமா நான் திங்கிறேன், போதும். உன் குரல் கணீர்னு இருக்கும், நீ அழ மாட்டே. நான் உன் பக்கத்துல எல்லாரும் பாக்குற மாதிரி நிக்கிறேன்.

உனக்கு வெக்கமா இருக்கும். கல்யாணப் பந்தல்ல, சம்பந்தி வீட்டார் முன்னால, அப்பாவோட லட்சணத்தை வாசிக்கச் சொல்றாரேன்னு கோவமும் வரும். ரீத்தா வீட்டுக்கு நானே போய் முன்கூட்டிச் சொல்லிட்டு வந்துட்டேன். அவங்கப்பா, "படிக்கட்டும்"னார். என்மேல உனக்குக் கோவம் வந்தா வரட்டும், அது நியாயம்தான். ஆனா சித்தப்பாவைப் பத்தி எழுதின அந்த வரிக்காக நீ மனசு நோகாதே. அதை எழுதினது நீ இல்லை, நான்.

அவன்கிட்ட எந்த நேரத்துக்கு நீ படிப்பேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். தெருவுல வந்து நிப்பேன்னு சித்தி மூலமாச் சொல்லியிருக்கான், உள்ளே வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. நீ நிதானமாப் படி. ஏழாவது வளைவுக்கு வரும்போது, அப்பா ஆச்சேன்னு குரலைத் தாழ்த்தாதே. சவரி அவன் பக்கத்துலதான் வந்தான், வலப்பக்கம் வந்தவன் நான். இதை மட்டும் ரெண்டு தடவை படி, தெருவுல நிக்கிறவனுக்குக் கேக்கணும்.

அப்பா